மாமனார் கொடுத்த சாம்பல்

பெரம்பலூர்,
வெள்ளிக்கிழமை.

மதிப்பும் மரியாதையும் நிறைந்த மாமா சிவசுப்பிரமணியன் அவர்கள் சமூகத்துக்கு,

மருமகன் அறிவுச்செல்வன் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கு நான், தங்கள் மகள் சண்முகப்பிரியா, பேத்தி சுவாதி மூவரும் நலம். கங்கைகொண்ட சோழபுரத்தில் தாங்களும் அத்தையும் நலமாக, அதிலும் தாங்கள் மிக நலமாக, இருப்பது அறிந்து பெருமகிழ்ச்சி. தங்கள் நலத்தை நான் இப்படி அழுத்தி எழுதக் காரணம் தங்களுக்கே தெரியும். அன்றைக்குத் தாங்கள் மோர்ச் சோற்றில் கை வைத்த நேரத்தில் உடையார்பாளையத்து உறவுக்காரர்கள் ஒரு வேன் நிறைய வந்து இறங்கியதும், முதலில் இறங்கியவர் கையில் ரோஜா மாலை இருந்ததும், தங்களைக் கண்டதும் அவர் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்" என்றதும், வேனுக்குள் இருந்த பெண்கள் தொடங்கிய அழுகையை நிறுத்த முடியாமல் தவித்ததும் என் காதுக்கு வந்தன. அன்றிலிருந்து தாங்கள் என் போனை எடுப்பதில்லை. ஆகவே இந்தக் கடிதம். தாங்கள் காலமாகிவிட்டதாக நான் யாரிடமும் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் காரணம் சைட்டேஷன். அது என்ன, அதற்கும் தங்களுக்கு வந்த மாலைக்கும் என்ன சம்பந்தம் என்பதை முதலிலிருந்து எழுதுகிறேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சாவகாசமாகப் படிக்கவும்.

தங்கள் மகள் கல்லூரியில் சிவில் என்ஜினீயரிங் நடத்துகிறாள். பாடம் நடத்தினால் மட்டும் போதாது, ஆராய்ச்சியும் செய்ய வேண்டும் என்றார்கள், செய்தாள். தங்கள் தோப்பில் முந்திரி உடைத்து மிஞ்சிய ஓட்டைத் தாங்களே ஒரு குழி வெட்டிப் போட்டு எரித்துச் சாம்பலாக்கி மூட்டை கட்டி அனுப்பினீர்களே, அதைச் சிமென்ட்டில் கொஞ்சம் குறைத்துக்கொண்டு அதற்குப் பதிலாகக் கலந்து, காங்கிரீட் கட்டி வார்த்து, இயந்திரத்தில் வைத்து நசுக்கிப் பார்த்தாள். சாதாரணக் கட்டியைவிட அதிகப் பாரம் தாங்கியது. அதைக் கட்டுரையாக எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினாள். அங்கே வந்ததையெல்லாம் உடனே அச்சில் போட்டுவிட மாட்டார்களாம். அதே துறை தெரிந்த இரண்டு பேரிடம், எழுதியவர் யாரென்று சொல்லாமல் கொடுத்து, இது தேறுமா என்று கேட்பார்களாம். அந்த இரண்டு பேர் யாரென்று இவளுக்கும் சொல்ல மாட்டார்களாம். ரிவ்யூ என்று பெயர். பெண் பார்க்க வந்தவர்கள் கதவுக்கு அந்தப் பக்கமே உட்கார்ந்துகொண்டு, 'மூக்கு சுமார், மறுபடி சரி செய்து காட்டவும்' என்று சீட்டு எழுதி அனுப்புவது போல என்று நான் புரிந்துகொண்டேன். இவள் மூக்கைச் சரி செய்தாள், கட்டுரை வெளிவந்தது. கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம், ஆணி வாங்க வந்தவர் உட்பட, மைசூர்பாகு கொடுத்தேன்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன், மாமா. முடியவில்லை. இணைப் பேராசிரியர் ஆக வேண்டுமானால், அந்தக் கட்டுரையை வேறு ஊர் ஆய்வாளர்கள் தம் கட்டுரையில் எடுத்துக் குறிப்பிட்டிருக்க வேண்டும் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். அப்படிக் குறிப்பிடுவதுதான் சைட்டேஷன். யார் யார் குறிப்பிட்டார்கள் என்று இணையத்தில் ஒரு பக்கம் தானாகவே எண்ணிக் காட்டும். தங்கள் மகள் காலையில் பாலை அடுப்பில் வைத்துவிட்டு அந்தப் பக்கத்தைத் திறப்பாள். பூஜ்யம். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்த பிறகும் பூஜ்யம். துணி எடுத்து மேடையைத் துடைப்பாள். எனக்கு மனது கேட்கவில்லை. நம் ஹார்டுவேர் கடைக்கு எத்தனை பேர் வருகிறார்கள், ஒருத்தர் உதவ மாட்டாரா என்று கொத்தனார் பெரியசாமியைப் பிடித்தேன்.

"மேஸ்திரி, எங்க வூட்டம்மாவுக்கு ஒரு சைட்டேஷன் போடணும். உங்களால முடியுமா?"

"அதுக்கென்னங்க, போட்டுடலாம். சைட்டு எங்க இருக்கு? மண்ணு எப்படி, களிமண்ணா?"

கட்டுரை எழுதியவர்தான் சைட்டேஷன் போட முடியும், நினைத்தவரெல்லாம் போட முடியாது என்று தங்கள் மகள் பிறகு விளக்கினாள். சிரித்துக்கொண்டேதான் விளக்கினாள். அவள் சிரித்து நாளாகியிருந்தபடியால் மேஸ்திரிக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

இப்படி இருக்கையில் ஒரு நாள் காலை அடுப்படியிலிருந்து "ஏங்க!" என்று ஒரு சத்தம். பாம்போ என்று கட்டையோடு ஓடினேன். போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். ஒன்று! யாரோ ஒரு புண்ணியவான் இவள் கட்டுரையைக் குறிப்பிட்டிருக்கிறார். கட்டுரையின் தலைப்பும் எழுதியவர் பெயரும் மட்டும்தான் தெரிந்தன. உள்ளே திறந்து படிக்கக் காசு கேட்டது. கல்லூரி நூலகத்தில் சொல்லி வரவழைத்துக்கொள்கிறேன் என்று துள்ளிக்கொண்டு போனாள். நான் பெயரைப் பார்த்தேன். முனைவர் குழந்தைவேல். ஊரைப் பார்த்தேன். அரியலூர்! மாமா, அமெரிக்காவில் இருந்தால் நன்றி சொல்லப் போக முடியாது, சரி. பஸ் ஏறினால் வந்துவிடுகிற அரியலூரில் இருக்கும் மனிதர் நம் வீட்டுப் பெண்ணுக்கு இவ்வளவு பெரிய நல்லது செய்திருக்க, நாம் பேசாமல் இருந்தால் நாளைக்கு யார் நமக்கு சைட்டேஷன் போடுவார்கள்? அப்போது அத்தை இங்கேதான் இருந்தார்கள். அவர்களும் "போயிட்டு வந்துடலாம் மாப்ள" என்றார்கள். இதை அத்தை தங்களிடம் வேறு மாதிரி சொல்லியிருக்கக்கூடும். மகளுக்கு இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று அவளிடம் சொல்லாமல், பழத்தட்டு, பூ, ஒரு பொன்னாடை சகிதம் நானும் அத்தையும் பஸ்ஸில் கிளம்பினோம். சிமென்ட் லாரிகளுக்குப் பின்னாலேயே போனதில் ஆப்பிள் எது சாத்துக்குடி எது என்று தெரியாதபடி எல்லாம் ஒரே நிறமாகிவிட்டன. அத்தை முந்தானையால் ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினார்கள்.

குழந்தைவேல் ஒல்லியான மனிதர். கம்பிக் கதவுக்கு உள்ளே நின்று தட்டைப் பார்த்ததுமே முகத்தைச் சுளித்தார்.

"பையன் எந்த டிபார்ட்மென்ட்டுங்க? எத்தனை அரியர்?"

"பையன் இல்லைங்க சார். என் சம்சாரம் விஷயமா..."

"சம்சாரத்துக்கே அரியரா? இந்த பாருங்க, நான் வாழைப்பழத்துக்கு மார்க் போடுற ஆளு இல்ல. எடுத்துட்டுக் கிளம்புங்க."

"சார், நான் பெரம்பலூர் சண்முகப்பிரியா வீட்டுக்காரன். முந்திரி ஓட்டுச் சாம்பல் எழுதினவங்க."

இதைச் சொன்னதும் அவர் முகம் தெளியும் என்று பார்த்தால், இரண்டு அடி பின்னால் போய்க் கதவைப் பூட்டினார். "கருத்துன்னா கருத்தோட நிக்கணுங்க. ஆளைக் கூட்டிக்கிட்டு வூட்டு வாசலுக்கு வர்றதெல்லாம் நல்லா இல்ல" என்றார். ஆள் என்று அவர் சொன்னது அத்தையை. நான் ஒன்றும் புரியாமல், பேசிப் பயனில்லை என்று பையிலிருந்த பொன்னாடையை எடுத்து உதறிக் காட்டினேன். அதைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கதவைத் திறந்தார். போர்த்தினேன். மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது, மாமா. "எத்தனையோ பேருக்கு நான் வாங்கிப் போத்திருக்கேன். எனக்குன்னு இதுவரைக்கும் யாரும் போத்தினதில்லைங்க" என்றார். அவர் மனைவி என் போனிலேயே படம் எடுத்துக் கொடுத்தார். 'எங்கள் குடும்பத்தின் நன்றி' என்று எழுதி அங்கேயே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். காபி வந்தது. அத்தை இரண்டு டம்ளர் குடித்தார்கள். இதைத் தங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

காபி குடித்த கையோடு நான் செய்த ஒரே தப்பு, "சார், எங்க வூட்டம்மாவைப் பத்தி என்ன எழுதிருக்கீங்கன்னு உங்க வாயால கேக்கணும்" என்றது. அவர் பொன்னாடையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். "அது டெக்னிக்கலா இருக்குங்க" என்றார். "பரவால்ல, தமிழ்ல சொல்லுங்க, அத்தையும் கேக்கட்டும்" என்றேன். கட்டுரையை எடுத்துவந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"ஒரு ஆராய்ச்சியை எப்படிச் செய்யக் கூடாதுங்கறதுக்கு சண்முகப்பிரியாவோட கட்டுரை ஒரு நல்ல எடுத்துக்காட்டு."

அத்தை என் தோளைத் தட்டினார்கள். "நல்ல எடுத்துக்காட்டாம் மாப்ள!" நானும் பூரித்துத்தான் போனேன். ஆனால் அவர் முகத்தில் பூரிப்பு இல்லாததால் இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். இரண்டாம் தடவையில் 'கூடாது' காதில் விழுந்தது. அத்தை எழுந்தார்கள். பழத்தட்டைத் தூக்கிக்கொண்டு, அதில் வைக்காமல் தனியாக மேசைமேல் வைத்திருந்த வெற்றிலைப் பாக்கையும் எடுத்துக்கொண்டு, படியிறங்கிவிட்டார்கள். பொன்னாடை அவர் தோளில் இருந்ததால் அதை மட்டும் கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்தால் சண்முகப்பிரியா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் நூலகத்திலிருந்து வாங்கி வந்த கட்டுரை. மறுபக்கம் போனில் என் ஸ்டேட்டஸ்.

"இந்த ஆளு என்னைப் பத்தி என்ன எழுதிருக்காருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"பொன்னாடை போத்தினதுக்கு அப்பறம்."

அதற்குப் பிறகு வெகுநாள் என்னிடம் அவள் பேசியது 'கேஸ் தீந்துடுச்சு', 'தண்ணி வந்துடுச்சு' என்ற இரண்டு வாக்கியங்கள்தான்.

ஆனால் கல்லூரியில் நடந்ததோ வேறு. ஆசிரியர் கூட்டத்தில் முதல்வர் எழுந்து, நம் கல்லூரிக்கு ஒரு சைட்டேஷன் கிடைத்திருக்கிறது என்று கைதட்டச் சொல்லியிருக்கிறார். இவள் பதறிப்போய், "சார், அவரு என்னைத் திட்டி எழுதிருக்காரு" என்றிருக்கிறாள். "திட்டினா என்னம்மா? திட்டினதுக்குன்னு தனியா ஒரு கட்டம் இருக்கா? எண்ணிக்கையில ஒண்ணு ஏறுச்சா இல்லையா?" என்று முதல்வர் கேட்டிருக்கிறார். அதைக் கேட்டு இவளுக்கு வந்த கோபத்தில் குழந்தைவேல் கட்டுரைக்கு மறுப்பு எழுத உட்கார்ந்தாள். அவர் சாம்பலைச் சரியாக எரிக்கவில்லை, அதனால்தான் அவர் வார்த்த கட்டி பொடிப்பொடியாகப் போயிற்று என்பது இவள் கட்சி. மறுப்பு எழுத வேண்டுமானால் அவர் கட்டுரையைக் குறிப்பிட்டுத்தானே ஆக வேண்டும்? அவருக்கு ஒன்று ஏறிற்று. அவர் அதற்குப் பதில் எழுதினார். இவளுக்கு ஒன்று ஏறிற்று. சத்தம் கேட்டு முந்திரி விளைகிற மற்ற நாட்டுக்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். நைஜீரியாவிலிருந்து ஒருவர் இவள் பக்கம். வியட்நாமிலிருந்து இரண்டு பேர் அவர் பக்கம். பிரேசிலிலிருந்து ஒருவர் இரண்டு பேரையுமே திட்டினார், இரண்டு பேருக்கும் ஏறிற்று. வருடம் திரும்புவதற்குள் எண்ணிக்கை முதல்வர் கனவிலும் காணாத இடத்துக்குப் போய்விட்டது. சண்டை போட வசதியாக இவளுக்குத் தனி அறையும் ஒரு பிரிண்டரும் கொடுத்தார். "என்ன ஆனாலும் அவரோட சமாதானம் மட்டும் ஆயிடாதீங்கம்மா" என்று கேட்டுக்கொண்டாராம். அங்கே குழந்தைவேலுக்கும் இதே மரியாதை என்று பிறகு தெரிந்தது.

இடையில் இவள் எழுதிய ஒரு மறுப்பு ரிவ்யூவுக்குப் போய்த் திரும்பியது. முதல் ஆள் 'நன்று' என்று ஒரு சொல்லோடு விட்டிருந்தார். இரண்டாம் ஆள் பக்கம் பக்கமாகக் குறை சொல்லிவிட்டு, அரியலூர் குழந்தைவேல் என்ற அறிஞரின் கட்டுரைகள் ஐந்தையும் கட்டாயம் குறிப்பிட வேண்டும் என்று முடித்திருந்தார். "யாரு எழுதினதுன்னு தெரியக் கூடாதாம்" என்று தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டாள். "இதுக்கு மேல கையெழுத்து வேற போடணுமா?" என்றேன். லேசாகச் சிரித்தாள். பிறகு நான் குழந்தைவேலிடமே நேரில் இதைக் கேட்டேன். அவர் திடுக்கிட்டு, "அஞ்சுங்களா? நான் நாலுதானே கேட்டேன்" என்றார்.

இனித்தான் முக்கியமான கட்டம். ஒரு நாள் அதே ஆய்விதழிலிருந்து இவளுக்கு ஒரு கட்டுரை வந்தது, இவள் ரிவ்யூ செய்ய வேண்டும் என்று. பெயர் இல்லை. ஆனால் முந்திரி ஓட்டுச் சாம்பல், அரியலூர் மண், இவளைப் பற்றி முதல் பக்கத்திலேயே நாலு வசவு. வேறு யாராக இருக்கும்? எனக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"மாட்டினாரு பாரு! ஒரே வரில முடிச்சு விட்டுடு. 'தேறாது'ன்னு எழுது."

அந்தக் கட்டுரையைக் கல்லூரிக்கும் எடுத்துப்போனாள், வீட்டுக்கும் எடுத்துவந்தாள். கணக்கைத் தானே ஒரு தடவை போட்டுப் பார்த்தாள். ஓரத்தில் பென்சிலால் ஏதோ எழுதினாள், அழித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அவரு சரியாத்தாங்க செஞ்சிருக்காரு. எரிச்சது சரி, சலிச்சது சரி, வார்த்தது சரி. என்னால ஒரு தப்பு கண்டுபுடிக்க முடியல."

"அப்ப உன்னோடது?"

"அதுதான் தெரியல."

மாமா, அவள் குரல் அப்படி ஆகி நான் கேட்டதில்லை. "யாருக்கும் தெரியப் போறதில்ல. தேறாதுன்னு எழுதிட்டா இத்தோட போச்சு" என்றேன். அவளுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்துச் சொன்னேன். அவள் நிமிர்ந்து பார்த்த பார்வையில் சாம்பாரை ஊற்றிக்கொண்டேன். அன்று சாயங்காலம் எழுதி அனுப்பினாள்: இந்தக் கட்டுரையை வெளியிடலாம். கூடவே ஒன்று கேட்டிருந்தாள். சண்முகப்பிரியாவின் சாம்பலையே வாங்கி, கட்டுரை ஆசிரியர் தன் இயந்திரத்தில் ஒரு தடவை நசுக்கிப் பார்த்தால் என்ன?

யார் எழுதினது என்று தெரியக் கூடாதுதான். ஆனால் மறுவாரம் என் கடைக்குப் போன் வந்தது. பொன்னாடை போர்த்திய அன்று நான் கொடுத்த விசிட்டிங் கார்டை அவர் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். "வூட்ல அம்மாகிட்ட கொஞ்சம் சாம்பல் வாங்கித் தர முடியுங்களா? நானும் என்னோடதைத் தரேன், அங்க நசுக்கிப் பாக்கட்டும்" என்றார் குழந்தைவேல்.

மாமா, தங்கள் மாலைக் கதை இங்கேதான் வருகிறது. சாம்பலை அவள் பிளாஸ்டிக் பையில்தான் போட்டுக் கொடுத்தாள். பஸ் ஸ்டாண்டில் பை கிழிந்தது. பக்கத்துக் கடையில் ஒரு மண் கலயம் வாங்கி, சாம்பலை அதில் போட்டு, என் வெள்ளைத் துண்டால் வாயைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு அரியலூர் பஸ்ஸில் உட்கார்ந்தேன். பக்கத்து சீட்டு அம்மா எழுந்து எனக்கு ஜன்னல் ஓரத்தை விட்டுக்கொடுத்தார். கண்டக்டர் குரலைத் தாழ்த்தி டிக்கெட் கேட்டார். பெரம்பலூர் பஸ்ஸில் இவ்வளவு மரியாதையா என்று நான் வியந்துகொண்டிருந்தேன்.

"யாருதுப்பா?" என்றார் அந்த அம்மா.

"எங்க மாமனாருதுங்க."

"அடப் பாவமே. எப்ப?"

"நேத்துதான் எடுத்துக் கட்டினோம்."

"காவேரிக்கா?"

"இல்லைங்க, அரியலூருக்கு. அங்க காலேஜ்ல ஒரு சார் மிஷின்ல வச்சு நசுக்கிப் பாக்கணுங்கறாரு."

அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். முன் சீட்டில் இருந்தவர் திரும்பி, மாமனார் பேர் என்ன, எந்த ஊர் என்று கேட்டார். பெருமையோடு சொன்னேன். அவர் உடையார்பாளையத்துக்காரர் என்பதும், தங்களுக்குத் தூரத்து உறவு என்பதும், "அய்யய்யோ, நல்ல மனுசனாச்சே" என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்தது யாருக்காக என்பதும் அப்போது எனக்கு எப்படித் தெரியும்? நல்ல மனுசன் என்று அவர் சொன்னதற்கு நான் தலையாட்டினேன். அவ்வளவுதான் நான் செய்தது.

குழந்தைவேல் தங்கள் சாம்பலைக் கலந்து கட்டி வார்த்து, ஊற வைத்து, நசுக்கினார். உடையவில்லை! பாரத்தை ஏற்ற ஏற்றத் தாங்கியது. இங்கே அவர் சாம்பலில் இவள் வார்த்தது புட்டு மாதிரி உதிர்ந்தது. ஆக, இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, சாம்பல்தான் வேறு. இவள் தங்களைப் போனில் கூப்பிட்டு எப்படி எரித்தீர்கள் என்று கேட்டதும், "எண்ணெய் தெறிச்சுப் புகை கண்ணைக் குத்துச்சும்மா, ரெண்டு மூட்டை நெல்லு உமியைக் கொட்டி அமத்தினேன்" என்று தாங்கள் சொன்னதும் தங்களுக்கு நினைவிருக்கும். போனை வைத்துவிட்டு இவள் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உமிச் சாம்பல் சிமென்ட்டுக்கு வலுக் கொடுக்கும் என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயமாம். இவள் இத்தனை நாளும் முந்திரிக்குப் பாராட்டுப் பத்திரம் வாசித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று ஆய்விதழுக்கு எழுதுவதென முடிவு செய்தாள். முதல்வர் வீட்டுக்கே வந்துவிட்டார். "அம்மா, எவ்வளவு சைட்டேஷன்! நேர்காணல் வரப் போகுது. அது முடிஞ்சு எழுதிக்கலாமே. உமின்னு யாரு பாக்கப் போறா?" என்று கெஞ்சினார். இவள் காபியை அவர் முன்னால் வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்: "சார், அதைப் படிச்சுட்டு யாராவது வெறும் முந்திரிச் சாம்பலைக் கலந்து வூடு கட்டிட்டா?" முதல்வர் காபியைக் குடித்தார். பிறகு எங்கள் கூரையை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். போய்விட்டார். இவள் எழுதி அனுப்பினாள். அனுப்பிவிட்டு அடுப்படிக்குப் போனவள், "ஏங்க, சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டாள். அன்றைக்கு வெறும் ரசமும் அப்பளமும்தான், மாமா. மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

நேர்காணலுக்கு வெளியூரிலிருந்து வந்த நிபுணர் சைட்டேஷன் கணக்கைக் கேட்கவே இல்லையாம். "தப்புன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றாராம். இவள் சொல்லிக்கொண்டே போக, கலயத்துக் கதை வரும்போது அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம், சிரிப்பினால்தான். பதவி உயர்வு ஆர்டர் அடுத்த வாரம் வந்துவிடும் என்கிறார்கள். குழந்தைவேல் தன் கட்டுரை அச்சாகும் முன் தானே கேட்டு அந்த நாலு வசவையும் அடித்துவிட்டு, 'தம் முடிவைத் தாமே மறுக்கும் நேர்மையுள்ள ஆய்வாளர்' என்று எழுதியிருக்கிறார். உமியையும் முந்திரி ஓட்டையும் சேர்த்து எரித்துக் கட்டி வார்த்திருக்கிறார்கள்; அதை வைத்து இரண்டு பேரும் ஒன்றாக ஒரு கட்டுரை எழுதப் போகிறார்கள்.

ஆகவே, தங்கள் உமியால் மகள் ஆராய்ச்சி கெட்டதென்று தாங்கள் சரியாகச் சாப்பிடாமல் இருப்பதாக அத்தை சொன்னார்களே, அதை விட்டுவிட வேண்டும். உமி செய்தது நல்லதுதான். ஆர்டர் வந்ததும் இங்கே ஒரு விருந்து வைக்கிறோம். குழந்தைவேலும் மனைவியோடு வருகிறார். தாங்களும் அத்தையும் அவசியம் வர வேண்டும். அத்தை அவரிடம் பழத்தட்டு விஷயத்தைக் கிளப்பாமல் இருந்தால் நல்லது. என் மீதுள்ள கோபத்தை மறந்து, இனி என் போனையும் எடுக்க வேண்டும். மாலை கொண்டுவந்த உறவுக்காரர்களிடம் என் சார்பில் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லவும்.

அத்தைக்கு என் வணக்கம். பேத்தி தாத்தாவுக்கு முத்தம் எழுதச் சொல்கிறாள். தங்கள் ஆசி எங்களுக்கு எப்போதும் வேண்டும்; அதைத் தரத் தாங்கள் நூறாண்டு கல்லுப் போல இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மருமகன்,
அறிவுச்செல்வன்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும் நேரத்தில் சண்முகப்பிரியா கல்லூரியிலிருந்து ஓடி வந்தாள். உமியும் முந்திரி ஓடும் சேர்த்து எரித்து வார்த்த புதுக் கட்டியை இன்று இங்கேயும் அரியலூரிலும் நசுக்கினார்களாம். இரண்டு இடத்திலும் புட்டு. ஆகவே அது உமி இல்லை. மேலே உமியைப் பற்றி எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். திரும்பப் பெற்ற கட்டுரையைத் திரும்பவும் திரும்பப் பெற வழியுண்டா என்று அவள் ஆய்விதழுக்கு எழுதிக்கொண்டிருக்கிறாள். மாமா, அந்தக் குழியில் வேறு என்ன போட்டீர்கள்? போனில் அவள் கேட்டதற்குப் பயந்துகொண்டு 'ஞாபகம் இல்லை' என்கிறீர்களாம். பயமே வேண்டாம், யோசித்துப் பாருங்கள். குழந்தைவேல் வரும் புதன்கிழமை காலை முதல் பஸ்ஸில் ஒரு சாக்கும் மண்வெட்டியுமாகத் தங்கள் தோப்புக்கு வருகிறார். நல்ல மனிதர், வாய்க்கு ருசியாகச் சாப்பாடு போடுங்கள், காபி கொடுங்கள், கோயிலைச் சுற்றிக் காட்டுங்கள். இவள் வந்து பார்க்கும் வரை குழியை மட்டும் காட்டாதீர்கள்.